பல்லவனுக்கு எழுப்பச் சொன்னவர்கள்

காரைக்குடிப் புது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
இருபத்திரண்டு அறைகள், ஓடாத ஒரு லிஃப்ட்,
வரவேற்பு மேசையை ஒட்டி
மூன்றடி நீளத்துக்கு ஒரு மீன்தொட்டி.
ராத்திரி டியூட்டி எனக்கு.
வருகிறவர்களை நோட்டில் ஏற்றுவேன்.
மீன்களை ஏற்றச் சொல்லி யாரும் சொன்னதில்லை.

முதலாளி சாத்தப்பன் மாதம் ஒருமுறை வந்து
துண்டுகளை எண்ணுவார்,
தலையணை உறைகளை எண்ணுவார்.
தொட்டியைப் பார்த்து,
"தண்ணி பளிச்சுனு இருக்கே" என்பார்.
பளிச்சென்று இருப்பதற்கு யார் விலை கொடுத்தது என்று
செவ்வாய்க்கிழமை வரை எனக்கும் தெரியாது.

அன்றைக்குக் கப்பி குட்டி போட்டது.
இரண்டு கண், பின்னால் ஒரு கோடு,
அவ்வளவுதான் உடம்பு.
பதினேழு வரை எண்ணினேன்.
ஒரு குடும்பம் பைகளோடு வந்து
பிள்ளையார்பட்டிக்கு முதல் பஸ் எப்போது என்று கேட்டது.
சாவி கொடுத்துத் திரும்பினால் பதினாலு.

தாயைத்தான் சந்தேகப்பட்டேன்.
பெற்றதையே தின்னும் என்று கேள்வி.
அவளை ஜக்கில் அடைத்துவிட்டுக் காவல் இருந்தேன்.

இரண்டு மணிக்கு மேல் கரண்ட் முழுசாக வரும்.
ட்யூப்லைட் வெளுக்கும், விசிறி வேகம் பிடிக்கும்,
ஃபில்டரின் முனகல் ஒரு கட்டை ஏறும்.
அப்போது பார்த்தேன்.
குழாயின் கீற்றுப் பக்கம் போன ஒரு குஞ்சு
திரும்பிவிட நினைத்தது.
வால் திரும்பியது.
உடம்பு திரும்பவில்லை.

பதிமூணு.

கொசுவலையைக் கிழித்துச் சுற்றினேன்.
வலைமேல் ஒட்டிக்கொண்டு துடித்தது இன்னொன்று.
ப்ளக்கைப் பிடுங்கினேன்; கழன்று விழுந்து,
கொஞ்சம் யோசித்து, நீந்தியது.
அப்படியே நிறுத்தி வைக்கலாம்தான்.
விடிவதற்குள் பெரிய மீனெல்லாம் மேலே வந்து
காற்றுக்கு வாயைத் திறக்கும்.

105இல் ஜெய்னுலாப்தீன், இளையான்குடி,
போர்வெல்லுக்கு மோட்டார் இறக்குகிற பையன்,
தண்ணீர் பாட்டில் கேட்டுக் கைலியோடு இறங்கி வந்தான்.
கையிலிருந்த ப்ளக்கைப் பார்த்தான், தொட்டியைப் பார்த்தான்.
"ஃபுட்வால்வு இத்தினிக்கூண்டு இருந்தா
பிடிச்சு இழுக்கத்தாண்ணே செய்யும்.
வாயைப் பெருசாக்குங்க.
பெரிய வாய் மெதுவாத்தான் குடிக்கும்."
பாட்டிலுக்குக் காசு கொடுக்காமலே ஏறிப்போனான்.
இருபது ரூபாய். நான் போட்டுக்கொண்டேன்.

ஸ்டோர் ரூமில் சோப்புப் படாத புதுப் பஞ்சு ஒன்று.
206இல் யாரோ விட்டுப்போன பிளேடு.
நோட்டு எழுதும் பேனாவை நடுவில் செருகித் துளை போட்டேன்.
குழாயில் மாட்டுவதற்கு முன்
ஃபில்டர் பெட்டியைக் கழற்றிப் பார்க்கத் தோன்றியது.

உள்ளே கறுப்புக் குழம்பு.
குழம்புக்குள் இரண்டு கண், பின்னால் ஒரு கோடு.
அசைந்தது.
காபி ஸ்பூனில் ஏந்தித் தொட்டியில் விட்டேன்.
ஸ்பூனைக் கழுவி வைத்துவிட்டேன், நன்றாகவே.
மற்ற மூன்றைத் தேடவில்லை.
தேடினேன். இல்லை.

பஞ்சு மாட்டி ப்ளக்கைச் செருகியதும்
விரலைக் கொண்டுபோய் வைத்தேன்.
முன்பெல்லாம் கீற்றில் விரல் நுனி ஒட்டும்.
இப்போது ஏதோ மூச்சு மாதிரி,
அதுவும் சந்தேகம்தான்.
வாரம் ஒருமுறை பிழிந்துவிட வேண்டும்,
தொட்டித் தண்ணீரிலேயே, குழாய்த் தண்ணீரில் அல்ல
என்று காலண்டரில் எழுதி வைத்தேன்.

மணி நாலரை.
பல்லவனுக்கு எழுப்பச் சொன்னவர்கள் மூன்று அறை.
201க்குப் போன் போட்டுக் காதில் வைத்துக்கொண்டு
தொட்டிக்கு முன்னால் நிற்கிறேன்.
பஞ்சில் படிந்த பாசியையோ வேறு எதையோ
கொத்திக்கொண்டிருக்கின்றன குஞ்சுகள்,
இழுத்துப்போன அதே வாயின் மேல்
ஆடு மாதிரி மேய்ந்துகொண்டு.

201 எடுக்கவில்லை. மறுபடி போடுகிறேன்.
பன்னிரண்டு, பதிமூணு.
ஒன்று பஞ்சுக்குப் பின்னால் இருக்கும்.
மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.